எந்த மன்னவன்?

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

ஃபோனை அணைத்து வைத்திருக்கிறேன். நீ கத்துவாய், நான் அதற்கு ஒரு சுருதி மேலே ஏற்றிக் கத்துவேன், கடைசியில் இரண்டு பேருக்கும் தொண்டை போகும். அதனால் கடிதம்.

நேற்று மேடையில் மைக்கைப் பிடித்து நீ சொன்னதை ஓர் எழுத்து விடாமல் இங்கே எழுதுகிறேன். “அடுத்து ஓர் அபூர்வமான பழைய பாடல். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் கிடைத்தது. இயற்றியவர் யாரென்று தெரியவில்லை.” இயற்றியவள் உன் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. தம்பூராவை மடியில் சாய்த்துக்கொண்டு, தன் பெயர் வரப்போகிறது என்று அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லையாம்!

அதையாவது மறந்து தொலைக்கலாம். அந்தக் கடைசி அடி? பாட்டை இயற்றுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் அடையாளமாக ஒரே ஒரு சொல்லை வைப்பது வழக்கம். முத்திரை என்று அதற்குப் பெயர். வேறு கையெழுத்து கிடையாது, அந்த ஒரு சொல்தான். என் முத்திரை ‘சின்னவள்’. வீட்டில் எல்லோரும் என்னைக் கூப்பிட்ட பெயர். ‘சின்னவள் சொன்ன சொல் கேளாயோ’ என்று நான் எழுதி, நான் மெட்டுப் போட்டு, உனக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த அடியை முதல் இரண்டு முறை நீ தனியாகப் பாட வேண்டும் என்று உன் பங்குக்கு ஒதுக்கியும் கொடுத்தேன். நீ என்ன பாடினாய்? ‘மன்னவன் சொன்ன சொல் கேளாயோ!’

எந்த மன்னவன்? எந்த ஊர் ராஜா? நம் பரம்பரையில் எவனாவது நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறானா?

மூன்றாவது முறை நீ அந்த அடியை எடுத்தபோது நான் சேர்ந்து பாட வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். வயலின்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதியில் எழுந்து போகாததற்குக் காரணம் நீ இல்லை, மிருதங்கக்காரர். அவர் என்ன பாவம் செய்தார்?

வீட்டுக்கு வரமாட்டேன். தையல்கடை மாடியில் நான் மெட்டுப் போடுகிற அறையில்தான் இருக்கிறேன். கீழே ஆறு மெஷின் ஓடுகிறது. அவையாவது அவரவர் தையலை அவரவர் தைக்கின்றன.

கச்சேரி வைத்த சங்கத்தின் செயலாளருக்கு ஒரு வரி எழுது. பாட்டு என்னுடையது என்று. வேறெதுவும் கேட்கவில்லை.

சின்னவள்


பிப்ரவரி 15

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் கையில் எடுத்தேன். அப்புறம் மேஜை இழுப்பறையில் போட்டேன். மரியாதை தெரியாத கடிதத்துக்கு மரியாதையாகவே பதில் எழுதுகிறேன், பார்.

பொய் சொன்னேன். ஆமாம், சொன்னேன்தான். ஏன் சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

போன வருஷம் உன் வேறொரு பாட்டை, “இது என் தங்கை இயற்றியது” என்று வாயெல்லாம் பல்லாக அறிவித்தேனே, மறந்துவிட்டதா? நான் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலிகள் டபடபவென்று மடங்கின. பாதி அரங்கு கான்டீனுக்குப் போனது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “நீங்க பாடிக்கிட்டே இருங்கம்மா, இதோ வந்துடறேன்” என்று என்னிடம் அனுமதி வேறு கேட்டார். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். தட்டை வைத்துக்கொண்டு வெளியே நின்றவள் நான்.

இந்த முறை ஒருத்தராவது எழுந்தாரா? ஒரு தலை அசைந்ததா? முடிந்ததும் கை தட்டினார்களே, அது யார் பாட்டுக்கு? உனக்குக் கிடைக்க வேண்டிய கைத்தட்டலைத்தான் நான் வாங்கிக் கொடுத்தேன், பெயரை மட்டும் மறைத்து. நல்லதுக்குக் காலமில்லை.

சொல்லை மாற்றினேன் என்று குதிக்கிறாய். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். ‘சின்னவள்’ என்று பாடிவிட்டுப் பழைய பாட்டு என்றால் எவன் நம்புவான்? எதுகை பார்த்து, தாளத்தில் ஓர் இம்மி நகராமல் மாற்றியிருக்கிறேன். வார்த்தை என்னடி பெரிய வார்த்தை, ராகம் பேசினால் போதாதா? இருபத்தைந்து வருஷமாக மேடையில் பாடுகிறேன். பாதிப் பாட்டுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. இதுவரை ஒருத்தராவது கண்டுபிடித்ததுண்டா?

உன் கோளாறு வேறு. நீ ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்திருக்கிறாய். காலையில் சாதகத்துக்கு உட்கார்ந்தால் பாதி வர்ணத்தில் நிறுத்தி, “அக்கா, ஒரு நிமிஷம், ஒண்ணு வந்துடுச்சு” என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். பாடுகிறவள் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். இசையமைக்கிறவள் இருப்பதை உடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொண்டையில் வைத்தால் ஒன்று இன்னொன்றைத் தின்னும். நம் இருவர் கச்சேரி என்று ஒன்று இன்னும் இருக்கிறதென்றால், அது நான் ஒருத்தி ஒழுங்காக உட்கார்ந்து பாடுவதால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க என்னால் முடியாது. அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, நாடகக் குழுவுக்கு இசை போடுகிறேன் என்று நீ வெளியூரில் இருந்தாய். வாரத்துக்கு ஒரு ஃபோன். கடைசி வாரம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். நல்ல பெயரெல்லாம் உனக்கே. அப்போது பெயர் யாருக்கு என்று நான் சண்டை போட்டேனா?

செயலாளருக்கு எழுதமாட்டேன். எழுதினால் மேடையில் பொய் சொன்னவள் என்று என் தலையில்தான் விடியும். உனக்கும் நல்லதில்லை.

தொண்டைக்கு வெந்நீர் குடி.

அக்கா


மார்ச் 9

பெரியவளுக்கு,

இத்துடன் இசைப் பத்திரிகையின் நான்கு பக்கங்களை வெட்டி அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் ஒருவர் என் பாட்டை ஆராய்ந்திருக்கிறார். நீயும் படித்திருப்பாய். ஆனாலும் நான் சிவப்புக் கோடு போட்ட இடங்களோடு படி, ருசி தனி.

‘மன்னவன்’ என்ற ஒரு சொல்லே இது அரசவைப் புலவர் ஒருவரின் ஆக்கம் என்பதற்குச் சான்றாம். உள்ளங்கை நெல்லிக்கனியாம்! ‘வருவாள் வருவாள் சற்றே பொறு, படியேறி வருவாள் சற்றே பொறு’ என்பது, தலைவி அரண்மனைப் படியேறி வருகிறாள் என்று தோழி சொல்வதாம். ‘மருந்தொடு வருவாள்’ என்றால் காதல் நோய்க்கு மருந்தாம். புலவரின் வயது நானூறு இருக்கலாம் என்கிறார். எனக்கு முப்பத்தொன்பது. அவர் ஆண் என்பதில் இவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

கடைசி வரிக்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ‘இத்தகைய ஆழம் இன்று மெட்டமைப்போருக்கு எட்டாக்கனி.’ நான் எட்டிப் பறித்தது எனக்கே எட்டாக்கனி! நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். அவர் அந்தச் சோற்றைப் பிசைந்து ஊருக்கெல்லாம் ஊட்டுகிறார்.

இது போதாதென்று இசைக் கல்லூரி அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டது. நேற்று ஒரு பெண் இங்கே சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள், அளவெடுக்கும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் பாட்டு. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். அழகாகப் பாடுகிறாள், பாவி. கடைசி அடி வந்ததும் ‘மன்னவன்’ என்றாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றைக் கேள். தாளம் நகரவில்லை, எதுகை கெடவில்லை என்று எழுதினாயே. அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

இருபத்தைந்தாம் தேதி பள்ளி அரங்கில் தனியாகப் பாடுகிறேன். வாழ்க்கையில் முதல் முறை, நீ இல்லாமல். அந்தப் பாட்டையும் பாடுவேன், என் சொல்லோடு.

சின்னவள்


மார்ச் 13

தங்கைக்கு,

பாடாதே.

சண்டைக்காகச் சொல்லவில்லை. தனியாகப் பாடு, ஆயிரம் முறை பாடு, அந்த ஒரு பாட்டை மட்டும் இப்போது எடுக்காதே. குளவிக் கூட்டில் கை வைக்கிறாய். பேராசிரியர் எழுதியபின் உன் பேச்சு அம்பலம் ஏறாது. செயலாளர் என்னிடம், “அந்த ஏட்டை ஒருமுறை பார்க்கலாமாம்மா?” என்று கேட்கிறார். ஏட்டுக்கு நான் எங்கே போவேன்? வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். எந்த வெள்ளம் என்று நீ கேட்காதே.

பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறதே, அது போதாதா உனக்கு?

அக்கா


மார்ச் 30

பெரியவளுக்கு,

போதாது.

அறுபது பேர் வந்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்தபோது இடது பக்கம் காலியாக இருந்ததில் முதல் பாட்டு கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் குரல் நிலைத்துவிட்டது. நன்றாகப் பாடினேன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேறு யாரும் சொல்லவில்லை.

கடைசி அடி. ‘சின்னவள் சொன்ன சொல் கேளாயோ.’ இரண்டாம் முறை எடுக்கிறேன், நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கையில் பத்திரிகை. “அம்மா, அது சின்னவள் இல்ல. மன்னவன். தெரியாம பாடறீங்க.”

தாளத்தை நிறுத்திவிட்டேன். மேடையில் தாளத்தை நிறுத்துவது இதுதான் முதல் முறை. “ஐயா, இது நான் எழுதின பாட்டு” என்றேன்.

“நானூறு வருஷத்துக்கு முன்னாடியாம்மா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்தார்கள் அக்கா. அறுபது பேரும். கெட்ட எண்ணம் இல்லாமல், நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்கிற மாதிரி. மிருதங்கக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாரை இழுத்துக் கட்டினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

இப்போது விமர்சனம் வந்திருக்கிறது. ‘பழம்பாடலில் தன் பெயரைச் செருகும் துணிச்சல்.’ திருடினவள் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள், பறிகொடுத்தவளுக்குத் திருடி என்று பெயர். இரண்டு சங்கங்கள் என் கச்சேரியை ரத்து செய்துவிட்டன. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நேற்று நாடகக் குழுவின் இயக்குநர் வந்தார், பத்து வருஷப் பழக்கம். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “மத்த மெட்டெல்லாம்... உங்களோடதுதானே?” என்றார்.

புரிகிறதா உனக்கு? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாயே. இரண்டு காலையும் வெட்டிவிட்டாய். இன்று நான் பாடுகிறவளும் இல்லை, இசையமைக்கிறவளும் இல்லை. நோட்டை எடுத்தால் கை ஓடவில்லை. எதை எழுதினாலும் இது யாருடையதோ என்று எனக்கே தோன்றுகிறது.

நீ கூட்டத்துக்குப் பயந்து செய்தாய் என்று சொல்வதை நான் நம்பவில்லை. கூட்டத்துக்குப் பயந்தவள் பெயரை மறைப்பாள், அத்தோடு விடுவாள். யாருக்கும் தெரியாத ‘சின்னவள்’ என்ற சொல் உன்னை என்ன செய்தது? பழைய பாட்டில் ஒரு சின்னவள் இருக்கக் கூடாதா? நீ அதை வேண்டுமென்று பிடுங்கினாய். ஏன் என்று எழுது. இல்லாவிட்டால் எழுதாதே, இனி எப்போதும்.

(பெயர் போடவில்லை. எந்தப் பெயரைப் போடுவது?)


ஏப்ரல் 7

தங்கைக்கு,

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன். சொன்னபின் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. வீட்டில் ஒத்திகையில் நீ எதிரே இருந்ததால் எப்படியோ பாடிவிட்டேன். மேடைக்கு முந்தின நாள் தனியாகப் பாடிப் பார்த்தேன். ‘சி’ என்று ஆரம்பித்து நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்து மறுபடி நிறுத்தினேன். மூன்று வருஷமாக நான் உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. கவனித்தாயா? நீ எங்கே கவனிக்கப் போகிறாய், உன் காதில் எப்போதும் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா போன அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கக் கீழே போனேன். லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறினேன், மூச்சு வாங்க. அறை வாசலுக்கு வந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா குரல் கேட்டது. இரண்டு நாளாகப் பேசாதவள் பேசினாள். “சின்னவளே” என்றாள்.

எட்டு மாதம். குளிப்பாட்டினேன், புரட்டிப் போட்டேன், புண்ணுக்கு மருந்து வைத்தேன், அந்த எட்டு மாதமும் ஒரு கச்சேரி ஒப்புக்கொள்ளவில்லை. கண் திறந்து கூப்பிட்டது உன்னை. நேற்று வந்தவளை. எனக்குப் பொறாமை. வேறு நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை. கால் உள்ளே போக மறுத்தது. மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு நிமிஷம் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். உள்ளே நீயும் அவளும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினீர்கள். எனக்கு வேண்டாம் என்று காதைக் கொடுக்கவில்லை. அப்புறம் நீ அலறினாய். அப்போதுதான் உள்ளே வந்தேன்.

அந்தச் சொல்லை நூறு பேர் முன்னால் நான் ராகம் போட்டு மூன்று முறை பாட வேண்டுமாம்! முடியவில்லை. மாற்றினேன். மாற்றியதற்குப் பொருந்த ஒரு பொய் தேவைப்பட்டது, அதனால் ஏடு. கூட்டம், நாற்காலி, கான்டீன் எல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

உன்னைப் பார்த்து அறுபது பேர் சிரித்தார்கள் என்று எழுதினாயே, அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், நகல் இத்துடன். பாட்டு என் தங்கையுடையது, ஏடு என்று எதுவும் கிடையாது, சொல்லை மாற்றியவள் நான், மேடையில் பொய் சொன்னவள் நான். அடுத்த இதழில் வருகிறது. செயலாளருக்கும் கல்லூரிக்கும் தனித்தனியே அனுப்பியாயிற்று.

மன்னிக்கச் சொல்லவில்லை. நீ கேட்டாய், நான் எழுதினேன்.

அக்கா


மே 2

அக்கா,

உன் கடிதம் அச்சாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில், பெட்டி கட்டி. நாடகக் குழு இயக்குநர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் நின்று மன்னிப்புக் கேட்டார். பேராசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரி பாட்டைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களின் பாட்டைப் பாடமாக வைக்க விதி இல்லையாம். செத்துவிட்டு விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள் போலிருக்கிறது. உன் மூன்று கச்சேரிகளை ரத்து செய்துவிட்டார்கள் என்று வயலின்காரர் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. அது பற்றி உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. இது வேறு.

ஏப்ரல் ஏழாம் தேதிக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. இருபது நாளுக்கு மேலாகப் பதில் எழுதிக் கிழிக்கிறேன். இதைச் சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று நிறுத்துகிறேன். சொல்லாவிட்டால் நான் உடைந்துபோவேன். நீயே தாங்கிக்கொள், நீ பெரியவள்.

அம்மா “சின்னவளே” என்று கூப்பிட்டாள். ஆமாம். முழுசாகக் கேட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். “சின்னவளே, பெரியவ எங்க?” என்றாள்.

பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரைத்தானே கூப்பிட்டுக் கேட்க முடியும்? நான் சொன்னேன், “மருந்து வாங்கப் போயிருக்காம்மா. வருவா. படியேறி வந்துக்கிட்டே இருக்கா. கொஞ்சம் பொறு.” மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். ஐந்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதை நம்பினாளா, காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்த அன்று உன்னிடம் சொல்ல வந்தேன். நீ என்னைப் பார்த்ததும், “கடைசி நேரத்துல வந்து பேர் வாங்கிட்டே இல்ல?” என்றாய். வாயை மூடிக்கொண்டேன். நேரில் சொல்லத் தெரியாதவள்தான் மெட்டுப் போடுகிறாள், வேறென்ன? மூன்று வருஷம் எடுத்தது. கடைசி அடியை ஏன் உன் பங்குக்குக் கொடுத்தேன் என்று நினைத்தாய்? உன் வாயாலேயே பாடி, உன் காதாலேயே கேட்டு, நீ தெரிந்துகொள்வாய் என்றுதான். நீ ராகத்தைக் கேட்டாய், தாளத்தை எண்ணினாய், எதுகை பார்த்தாய். யார் வருவாள் என்று கேட்கவில்லை. மருந்தோடு யாரடி வருவாள்? தோழியா? தலைவியா?

இதுவரை எனக்கு இருந்த வருத்தம், நீ கொஞ்சம் தாமதமாக வந்தாய், கியூவில் மாட்டிக்கொண்டாய் என்பதுதான். அது யார் தப்பும் இல்லை. இப்போது சொல்கிறாய், நீ வந்துவிட்டாய் என்று. நான் “வருவா, வருவா” என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நீ ஏறி முடித்துவிட்டாய். கதவுக்கு அந்தப் பக்கம், நாலு அடியில், சுவரில் சாய்ந்துகொண்டு, காதைக் கொடுக்காமல் நின்றாய்.

எப்படி நின்றாய் அக்கா? ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அவள் உன்னைப் பார்த்திருப்பாள். நான் பொய் சொல்லவில்லை என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கோபத்துக்கு என்னிடம் ராகம் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. உன்னைப் பார்க்க வர வேண்டும் போலவும் இருக்கிறது, வந்தால் அடித்துவிடுவேன் போலவும் இருக்கிறது.

பாட்டை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்வரம் போடவில்லை, தாளக் குறி போடவில்லை, வேண்டுமென்றேதான். பாடாதே. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரே ஒரு முறை, வாய்விட்டுப் படி.

சின்னவள்